பழைய இராணுவ லொறி வாங்குகிறவர் முதலில் படுத்துப் பார்க்க வேண்டிய இடம்

பழைய இராணுவ லொறி பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்கிறார்கள். ஸ்டார்ட் ஆனதும் முகம் மலர்ந்துவிடும். உடனே விலை பேச்சு. வண்டிக்கு அடியில் ஒரு சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. திருகோணமலையில் அநுராதபுரச் சந்திப் பக்கம் லேத் வேலையும் கியர் வேலையும் செய்து பிழைக்கிறவன் நான். எஞ்சின் செத்துப்போய் நின்ற லொறிகளைவிட, எஞ்சினுக்கும் சில்லுக்கும் நடுவில் இருக்கும் இரும்புகளை யாரும் திரும்பிப் பாராததால் நின்ற லொறிகள்தான் என் வாசலுக்கு அதிகம் வருகின்றன.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஊரில் பச்சை நிறத்தில் பழைய லொறி எதைக் காட்டினாலும் ‘வெள்ளைக்காரன் விட்டுப்போனது’ என்று ஒரு கதை கூடவே வரும். ஊர் அப்படிப்பட்டது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்ட துறைமுகம், சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் எண்ணெய்த் தாங்கிகள், 1957 வரை பிரித்தானியக் கடற்படை இருந்த தளம். கதை கட்ட வேண்டிய சரக்குக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் கதையை நம்பி உதிரிப்பாகம் தேடப் போனால் காசுதான் கரையும்.

பெட்போர்ட் என்ற பிரித்தானிய லொறியில் கியூஎல் வகை என்றால் அது போர்க்காலத்து வண்டி. 1941 முதல் 1945 வரை செய்தார்கள். ஆறு சிலிண்டர், 3.5 லீற்றர் பெற்றோல் எஞ்சின், 72 குதிரைவலு. பெட்போர்ட் ஆர்எல் போர் முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 1953 இல் வந்தது. அதுவும் ஆறு சிலிண்டர் பெற்றோல்தான், ஆனால் 4.9 லீற்றர், ஆரம்பத்தில் 110 குதிரைவலு. இரண்டிலும் நான்கு சில்லும் இழுக்கும். இரண்டிலும் எஞ்சின், ஓட்டுநருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் நடுவே ஒரு மூடிக்குள் உட்கார்ந்திருக்கும். தூரத்தில் பார்ப்பவர் குழம்புவது நியாயம். வாங்குகிறவர் குழம்பக் கூடாது. அமெரிக்க ஜிஎம்சி ஆறு சில்லு வண்டி என்றால் விஷயம் வேறு: 270 கன அங்குல எஞ்சின், அதாவது 4.4 லீற்றர், பின்னால் ஐந்து கியர். அந்த ஐந்தாவது கியர் ஓவர்டிரைவ், அதாவது எஞ்சினைவிட வேகமாகப் பின் ஷாப்டைச் சுற்றும் கியர். எஞ்சினின் சுற்றை அப்படியே கொடுக்கும் நேர் கியர் நான்காவதுதான். பாரம் ஏற்றிக்கொண்டு ஐந்தில் போட்டு இழுத்தால் எஞ்சின் மூச்சுத் திணறும்; ஓட்டுகிறவர் எஞ்சினுக்கு வலு இல்லை என்று பழி போடுவார்.

இப்போது நான் சொல்ல வந்த லொறிக்கு வருகிறேன். கிண்ணியாவில் ஒரு நானாவிடம் இருக்கும் ஆர்எல். ஒரு காலத்தில் மரம் ஏற்றியது. இப்போது வெயில் காலத்தில் தண்ணீர்த் தாங்கி சுமக்கிறது, மற்ற நாட்களில் வள்ளங்களைக் கரைக்கு இழுக்கிறது. அசல் பெற்றோல் எஞ்சின் லீற்றருக்கு மூன்று கிலோமீற்றர்கூடத் தராது. 2022 இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்று, பிறகு கியூஆர் அட்டையில் வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று அளந்து கொடுத்த நாட்களில், அப்படி ஒரு எஞ்சினை வைத்திருப்பது எவ்வளவு பெரிய வயிற்றெரிச்சல் என்று வைத்திருந்தவர்களுக்குத்தான் தெரியும். நானா வெளியூர்க் கராஜ் ஒன்றில் கொடுத்து, ஜப்பானிய நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின் ஒன்றை ஏற்றிக்கொண்டு வந்தார். எஞ்சின் நல்ல எஞ்சின். அதில் எந்தக் குறையும் சொல்ல முடியாது.

சில மாதங்களில் மூன்றாவது கியர் தானாகவே கழரத் தொடங்கியது. பாரத்தோடு இழுக்கும்போது பேசாமல் இருக்கும். ஆக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்ததும் லீவர் ‘டக்’ என்று நடுவுக்கு வந்துவிடும். கந்தளாய் வீதியில் இறக்கத்தில் போகும்போது இது நடந்தால் எஞ்சின் பிடிமானம் போய், முழுப் பாரமும் பிரேக்கில் வந்து விழும். கராஜ்காரர்கள் லீவருக்குக் கீழே இருக்கும் ஸ்பிரிங்கையும் குண்டையும் மாற்றினார்கள். பிறகு கியரை நகர்த்தும் கவையை மாற்றினார்கள். பிறகு எங்கேயோ ஒரு பழைய பெட்டியில் இருந்து மூன்றாவது கியரையே எடுத்துப் போட்டார்கள். கியர் தொடர்ந்து கழன்றது. கடைசியில் ‘பெட்டி பழசு, இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது’ என்று கையை விரித்துவிட்டார்கள்.

கியர் கழரும் வண்டி வந்தால் நான் முதலில் கியர் பெட்டியைத் திறப்பதில்லை. அதைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அது உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்ப்பேன். கியர் பெட்டியின் முன் ஷாப்ட் கிளட்ச் தட்டுக்குள் நுழைந்து, அதன் மூக்கு நுனி கிராங்க் ஷாப்டின் நடுவில் இருக்கும் சின்ன பெயாரிங்கில் போய் உட்காருகிறது. பின்னால் பெட்டியின் பெரிய பெயாரிங். இந்த இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால்தான் உள்ளே பற்கள் முழு அகலத்துக்கும் பொருந்தும். நேர்கோடு தப்பினால் ஷாப்ட் ஒவ்வொரு சுற்றிலும் நெளிந்துகொண்டே ஓடும். பற்கள் தம்மைத் தாமே வெளியே தள்ளும். வேறு எஞ்சின் ஏற்றிய வண்டியில், எஞ்சினுக்கும் கிளட்ச் கூட்டுக்கும் நடுவே புதிதாக வெட்டிய ஒரு இரும்புத் தட்டு இருக்கும். நேர்கோடு தப்புவது பெரும்பாலும் அந்தத் தட்டில்தான்.

நானாவின் லொறியில், நுண்ணிய விலகலை ஊசியால் காட்டும் டயல் கேஜை ஃபிளைவீலில் காந்தத்தால் நிறுத்தி, அதன் ஊசி முனையைக் கிளட்ச் கூட்டின் பின்வாய் வட்டத்தில் தொடவைத்தேன். பிறகு கிராங்கைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். ஊசி பூச்சியத்தில் இருந்து கிளம்பி, அரைச் சுற்றில் நாற்பதைத் தொட்டு, முழுச் சுற்று முடிந்ததும் திரும்பப் பூச்சியத்துக்கு வந்து நின்றது. அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது. மையம் விலகியது அதில் பாதி, கிட்டத்தட்ட அரை மில்லிமீற்றர். நானா என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “அரை மில்லிமீற்றரா? அதற்குப் போயா தம்பி இவ்வளவு?” என்று கேட்டார். கியர் பெட்டியின் ஷாப்ட் மூக்கைத் துடைத்துக் காட்டினேன். ஒரு பக்கம் கறுப்பாக, எதிர்ப்பக்கம் கண்ணாடி போல் பளபளவென்று தேய்ந்திருந்தது. அது சுழன்ற சின்ன பெயாரிங்கின் துளை வட்டமாகவே இல்லை. அவர் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

வேலை பெரிதல்ல, பொறுமைதான் வேண்டும். தட்டின் போல்ட்களைத் தளர்த்தி, தட்டித் தட்டி ஊசியின் ஆட்டத்தைப் பத்துக்குள் கொண்டுவந்து, இறுக்கி, மறுபடி அளந்து, தட்டை இடம் மாறாமல் பிடிக்கும் நிறுத்துப் பின்களின் (இரும்பு ஊசிகளின்) பழைய துளைகளை அடைத்துப் புதிய இடத்தில் துளை போட்டுப் பின் அடிக்க வேண்டும். பின் இல்லாமல் போல்டை மட்டும் நம்பினால் தட்டு மெல்ல மெல்ல நகர்ந்துவிடும். கிளட்ச் கூட்டின் முகப்பு சாய்ந்திருக்கிறதா என்றும் அதே கேஜால் பார்க்க வேண்டும். எஞ்சின் மாற்றித் தருகிற கராஜிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, “டயல் கேஜ் போட்டுப் பார்த்தீர்களா?” என்பதுதான். முகத்தைப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

எஞ்சின் மாற்றத்தில் இன்னும் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. ஒன்று, அதிர்வு. ஆறு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின் இரண்டு சுற்றில் ஆறு தரம் தள்ளுகிறது. நான்கு சிலிண்டர் டீசல் நான்கு தரம், அதுவும் ஒவ்வொன்றும் உதை. அந்த உதை அப்படியே கியர் பெட்டிக்குள் போனால், குறைந்த வேகத்தில் பற்கள் கடகடவென்று சத்தம் போடும், கிளட்ச் தட்டு ஓடும் வரிப்பள்ளங்கள் தேயும். கிளட்ச் தட்டின் நடுவில் நல்ல ஸ்பிரிங்குகள் உள்ளதைத்தான் போட வேண்டும். நானாவின் வண்டியில் இருந்த தட்டில் ஸ்பிரிங் இரண்டு உடைந்து உள்ளேயே கிடந்தது. மற்றது, வேகம். பழைய பெற்றோல் எஞ்சின் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றைத் தாண்டியும் இழுக்கும். பழைய பெரிய டீசல்கள் பலவற்றில் கவர்னர் 2,600 இலேயே கடிவாளம் போட்டுவிடும். பின் அச்சின் பல் கணக்கு மாறாது. மூவாயிரம் சுற்றில் மணிக்கு 70 கிலோமீற்றர் ஓடிய வண்டி, 2,600 இல் 60 இலேயே நின்றுவிடும். கொழும்புக்கு ஓட நினைக்கிறவர் இதைக் காசு கொடுக்க முன்பே கணக்குப் பார்க்க வேண்டும். அத்தோடு, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் எஞ்சின் எண்ணையும் எரிபொருள் வகையையும் மாற்றிப் பதியாமல் ஓடித்திரிந்தால், வீதிச் சோதனையில் நிற்கும்போது டயல் கேஜ் உதவிக்கு வராது.

நான்கு சில்லையும் பூட்டும் டிரான்ஸ்பர் பெட்டிதான் இந்த லொறிகளின் உயிர். அதைப் பற்றி ஓட்டுநர்களுக்குச் சொல்லித்தர ஆளே இல்லை. ஆர்எல் போன்ற வண்டிகளில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே வித்தியாசம் கொடுக்கும் அமைப்புக் கிடையாது. முன் அச்சைப் பூட்டினால் இரண்டும் ஒரே சுற்றுத்தான் சுற்றும். வளைவில் திரும்பும்போது முன்சில்லுகள் பின்சில்லுகளைவிட அதிக தூரம் ஓட வேண்டும். மணலிலோ சேற்றிலோ சில்லு சற்று வழுக்கி அந்த வித்தியாசத்தைச் சமன் செய்துவிடும். காப்பெட் வீதியில் வழுக்க இடமில்லை. முறுக்கம் ஷாப்டுகளுக்குள் ஏறிக்கொண்டே போகும். முன்னுக்கும் பின்னுக்கும் தேய்மானம் வேறான ரயர் போட்டிருந்தால் நேர் வீதியிலும் இதுதான் கதி.

நிலாவெளிக் கரையில் வள்ளம் இழுத்துவிட்டு, முன் அச்சைக் கழற்றாமலே தார் வீதிக்கு ஏறிய ஒரு பையன் இடைவழியில் இருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தான். “அண்ணன், லீவர் அசையவே மாட்டேன் என்கிறது. சுத்தியலால் அடிக்கவா?” என்று கேட்டான். சுத்தியலைத் தூர வைக்கச் சொன்னேன். வண்டியை நேராகக் கொஞ்சம் பின்னால் எடுத்துக்கொண்டே லீவரை மெதுவாகத் தள்ளிப் பார்க்கலாம். முறுக்கம் அவிழும் ஒரு கணத்தில் அது தானாக வரும். வராவிட்டால் இரண்டு சில்லை வீதியோர மணலில் இறக்கி அசைத்தால் போதும். எங்கள் கரையோர வீதிகளில் மணலுக்கா குறை? மணல் இல்லாத இடத்தில் ஒரு முன்சில்லை ஜாக்கியால் தூக்கலாம். ஆனால் மற்றச் சில்லுகளுக்குக் கட்டை போட்டு, பக்கத்தில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையை விட்டு எழும்பியதும் அந்தச் சில்லு சடாரென்று சுழலும். அதன் உதை கையை முறிக்கும் உதை.

ஒயில் விஷயத்தில் எல்லோரும் தாராள மனது காட்டுகிறார்கள். கடையில் உள்ளதிலேயே விலை கூடியதை வாங்கி எல்லாப் பெட்டிக்கும் ஊற்றிவிடுகிறார்கள். பழைய கியர் பெட்டிக்குள் வெண்கலப் புஷ்களும், கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்தும் சிங்க்ரோ வளையங்களும் இருக்கும். ஜிஎல்-5 என்று தரம் போட்டிருக்கும் கியர் ஒயிலில், பின் அச்சின் கடும் அழுத்தத்தைத் தாங்குவதற்காகக் கந்தகமும் பொஸ்பரசும் கலந்த மருந்து அதிகம். அது மஞ்சள் உலோகத்தை மெல்ல அரிக்கக் கூடியது. அந்தப் பெட்டிகளுக்கு ஜிஎல்-4 அல்லது மருந்து கலக்காத பழைய வகைக் கனிம ஒயில்தான் பொருத்தம். பின் அச்சுக்கு நேர் எதிர். அங்கே அந்த மருந்து இல்லாவிட்டால் பற்கள் உரிந்துபோகும். இரண்டுக்கும் இரண்டு கலன் வைத்திருக்க வேண்டும், மூடியில் பெயர் எழுதி.

ஒயிலை இறக்குவதற்கு முன் ஊற்றும் துளையின் மூடி கழல்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்புக் காற்றில் நாட்பட்ட மூடி கல்லாக இறுகியிருக்கும். கீழே இறக்கிவிட்டு மேலே ஊற்ற வழியில்லாமல் நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். இறங்கும் ஒயிலை வெள்ளைத் துணியில் வடியவிட்டுப் பார்க்க வேண்டும். பால் தேநீர் நிறத்தில் இறங்கினால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. வள்ளம் இழுக்கக் கடலுக்குள் பின்சில்லை இறக்குகிற வண்டிகளில் இது வழக்கம். சூடான பெட்டி தண்ணீருக்குள் இறங்கியதும் உள்ளே காற்றுச் சுருங்கும். பெட்டிக்குள் காற்றுப் போய்வரும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால், ஒயில் கசியாமல் தடுக்கும் சீலின் இடுக்கால் கடல்நீரை உறிஞ்சிக்கொள்ளும். சீலை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட, அந்த மூச்சுக்குழாயைத் துப்புரவாக்கி, ஒரு ரப்பர் குழாய் பூட்டி, மேலே கபினுக்குள் கொண்டுபோய் விடுவது மலிவு. துணியில் சாம்பல் நிறப் பசை இருந்தால் பயப்பட வேண்டாம், அது வயதுத் தேய்மானம். மஞ்சள் மினுக்கம் இருந்தால் வெண்கலம் போகிறது. விரலில் குத்தும் இரும்புச் சில் இருந்தால் எங்கேயோ பல் உடைந்திருக்கிறது. அந்த வண்டியை ஓட்டிப் பார்க்கவே வேண்டாம்.

நானாவின் அசல் பெற்றோல் எஞ்சின் தம்பலகாமத்தில் அவருடைய நெல் கொட்டிலில் உரச் சாக்குகளுக்குக் கீழே கிடந்தது. நல்லவேளை, இரும்புக்குப் போடவில்லை. இறுகிப்போயிருந்தது. இப்படிக் கிடந்த எஞ்சினை வண்டியில் ஏற்றி, கியரில் போட்டு, டிராக்டரால் இழுத்து உசுப்புவது நம்மூர் வீரம். ஒட்டிப்போன வால்வு ஒன்று இருந்தால் அதைத் தள்ளும் தண்டு வளையும். சிலிண்டருக்குள் தண்ணீர் தேங்கியிருந்தால் கனெக்டிங் ரொட் வளையும். அந்த அதிர்ச்சியில் கியர் பெட்டியிலும் பல் போகும். பிளக்குகளைக் கழற்றி, தானியங்கிக் கியருக்கு ஊற்றும் சிவப்பு ஒயிலையும் டீசலையும் சம அளவில் கலந்து ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் விட்டு, ஊறவைத்து, பெரிய சாவி (ஸ்பானர்) போட்டு முன்னும் பின்னும் கையால் அசைத்தோம். அசைய மறுக்கும்போது விட்டுவிட்டு அடுத்த வாரம் பார்ப்பதுதான் முறை. எங்கள் எஞ்சின் கடைசியில் ஒரு முனகலோடு இளகிக் கொடுத்தது.

இந்த ஆறு சிலிண்டர் எஞ்சின்களில் கடைசி சிலிண்டர்தான் முதலில் சூடேறிச் சாகும். தண்ணீர்ப் பம்ப் முன்னால் இருக்கிறது. துருவும் சேறும் பின்பக்கம் போய்ப் படிகிறது. அதிலும் நாங்கள் கரையோரத்து உவர்க்கிணற்றுத் தண்ணீரை ரேடியேற்றருக்கு ஊற்றிப் பழகியவர்கள். ரேடியேற்றரைக் கழுவினால் மட்டும் தீராது. புளொக்கின் பக்கத்தில் இருக்கும் வட்டத் தகட்டு மூடிகளைக் கழற்றி, வளைத்த கம்பியால் குத்தி, குழாய்த் தண்ணீரால் அடித்துக் கழுவ வேண்டும். நானாவின் எஞ்சினில் ஆறாவது சிலிண்டரைச் சுற்றி வந்த சேறு ஒரு மீன் டின்னை நிறைத்தது.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் பெற்றோல் வண்டிக்கு இன்னொரு வியாதி வரும்: சூட்டில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்து ஸ்டார்ட் செய்தால் எடுக்காது. கபினுக்குள் மூடியில் அடைபட்ட எஞ்சின், பக்கத்தில் சூடான எக்சோஸ்ட், அதற்கு அருகே பெற்றோல் பம்பும் குழாயும். பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துவிடுகிறது. பம்பை மாற்றிக் காசு கொட்டாமல், ஈரத்துணியைப் பம்பில் சுற்றிக் கொஞ்ச நேரம் பொறுத்துப் பாருங்கள். எடுத்தால் வியாதி அதுதான். பிறகு குழாயை எக்சோஸ்டில் இருந்து விலக்கி, நடுவே ஒரு தகரத்தை மறைப்பாகப் பூட்டினால் போதும்.

போர்க்காலக் கனேடிய செவ்ரலே லொறிகளின் 216 கன அங்குல எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என் மாமா அப்படி ஒன்றைத் தோட்டத்துக்கு நீரிறைக்க வைத்திருந்தார். அதன் ஒயில் அழுத்தம் ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்குப் பதினான்கு இறாத்தல் அளவில்தான் இருக்கும். பார்த்தவர்கள் எல்லோரும் பெயாரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கு என்றார்கள். அந்த எஞ்சினின் அமைப்பே அப்படி. கனெக்டிங் ரொட்டுகளின் அடியில் இருக்கும் சின்னக் கரண்டிகள் தொட்டியில் ஒயிலை அள்ளித்தான் உயவு கொடுக்கின்றன. அதற்கு அழுத்தம் வேண்டியதில்லை, தொட்டியில் அளவு குறையாமல் இருக்க வேண்டும். மாமா யார் பேச்சையும் கேட்கவில்லை. எஞ்சினும் நீண்ட காலம் ஓடியது.

உதிரிப்பாகம் கிடைக்காது என்று பயமுறுத்துவார்கள். பெயாரிங்கின் வளையத்தில் எண் பொறித்திருக்கும். அதைத் துடைத்து எழுதிக்கொண்டு போனால் எந்தப் பெயாரிங் கடையிலும் பெரும்பாலும் கிடைக்கும். சீலுக்கு லொறியின் பெயரே தேவையில்லை. உள் விட்டம், வெளி விட்டம், தடிப்பு மூன்றையும் சொன்னால் போதும், விவசாய இயந்திரத்துக்கு வரும் சீலே பொருந்தும். உண்மையில் சிக்கல் தருவது போல்ட் தலைதான். இந்த வண்டிகள் எல்லாம் அங்குல அளவு. அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர், அதற்கு 13 சாவி போட்டால் ஏறும், ஆனால் இறுகிய நட்டில் மூலைகளை மழித்துவிடும். ஒரு அங்குலச் சாவிக் கூட்டம் வாங்கிய பிறகு லொறி வாங்கலாம்.

நானா இப்போதைக்கு டீசலிலேயே ஓடுகிறார். மூன்றாவது கியர் கழரவில்லை. பெற்றோல் எஞ்சினை வாங்கிக்கொள்ள வெளியூரில் இருந்து ஆள் வந்து கேட்டிருக்கிறது. அவர் கொடுப்பதாக இல்லை. அதற்கு மரத்தில் ஒரு நிறுத்தி அடித்து, பிளக் துளைகளை அடைத்து, மாதத்துக்கு ஒரு தடவை சாவி போட்டுச் சுற்றிவிடச் சொல்லியிருக்கிறேன். அந்த வேலை இப்போது அவருடைய பேரனுடையது.